குண்டுச் சில்லு எங்கிருந்து வந்தது? ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒடுகத்தூருக்கு மேலே, ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு சாமைக் காடு. காட்டுப்பன்றிக்கு ராத்திரிக் காவல் இருந்தவர் தொடையில் குண்டடி பட்டு, அவரை வேலூருக்குக் கொண்டுவருகிறார்கள். அறுவை சிகிச்சையில் மூன்று சில்லுகள் வெளியே வருகின்றன. ஒன்று பட்டாணி அளவு, மற்ற இரண்டும் உளுந்தளவு. ரைஃபிளால் சுட்டார்கள் என்கிறார் ஒருவர். நாட்டுத்துப்பாக்கி கை தவறி வெடித்தது என்கிறார் இன்னொருவர். வெளியூர் வேட்டைக்காரர்களின் 12 போர் (bore) துப்பாக்கி, அதாவது பெல்லட் எனும் சிறு உருண்டைகளைச் சிதறவிடும் வேட்டைத் துப்பாக்கி, என்பது மூன்றாமவர் பேச்சு.

இது நான் உதாரணத்துக்காகக் கற்பனை செய்த சம்பவம். ஆனால் அணைக்கட்டு, ஆலங்காயம், பீஞ்சமந்தை பக்கம் வேலை பார்த்த காவலருக்கோ மருத்துவருக்கோ இது புதிதாக இருக்காது. அந்த மூன்று சில்லுகளையும் கையில் வைத்துக்கொண்டு, மூன்று கதைகளில் எது நிற்கும், எது விழும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தடய அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கும், இளம் வழக்கறிஞர்களுக்கும், புதிதாகப் பணியில் சேர்ந்த உதவி ஆய்வாளர்களுக்கும் இதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "இந்தத் துப்பாக்கிதான்" என்று சில்லு சொல்வது அரிது. "இந்தத் துப்பாக்கி இல்லை" என்று சொல்வது அடிக்கடி நடக்கும். இரண்டாவது பதிலை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஒரு நிரபராதியை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் அந்தப் பதில்தான்.

படி 1: வெளியே எடுப்பதற்கு முன் எக்ஸ்ரே

இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே வேண்டும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ஒரே கோணத்தில் எடுத்தால் சில்லு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது தெரியாது.

படத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், பரவலையும் பாருங்கள். வேகமான ரைஃபிள் குண்டு உடலுக்குள் உடைந்தால் ஈயம் பொடிப்பொடியாகச் சிதறி, பாதை நெடுக வெள்ளைத் தூவலாகத் தெரியும். நாட்டுத்துப்பாக்கி, 12 போர் பெல்லட் போன்ற வேகம் குறைந்தவற்றில் இந்தத் தூவல் பொதுவாக இருக்காது. தெளிவான உருண்டைகளோ, நசுங்கிய கட்டிகளோதான் தெரியும். சில்லை எடுத்த பிறகு இந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியாது. ஆகவே எக்ஸ்ரே படமும் ஒரு சான்றுப் பொருள். வழக்குக் கட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 2: எடுக்கும் கை

எத்தனையோ வழக்குகள் இந்த இடத்திலேயே கெட்டுப்போகின்றன. ஈயம் நகத்தால் கீறினாலே தடம் விழும் உலோகம். பல் வைத்த எஃகு ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தால் ஃபோர்செப்ஸின் பற்கள் சில்லில் பதிந்துவிடும். எனக்கு வந்த ஒரு சில்லின் மேல் அழகான இணைக்கோடுகள் இருந்தன. துப்பாக்கிக் குழலின் தடம் என்று நம்பி ஒரு நாள் முழுக்க அதோடு உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால், அது அறுவை அரங்கில் விழுந்த ஃபோர்செப்ஸ் தடம். அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஆனால் முனையில் ரப்பர் குழாய் மாட்டிய ஃபோர்செப்ஸ் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் சில்லு பேசியிருக்கும்.

கையுறை போட்ட விரல், ரப்பர் முனை, பிளாஸ்டிக் இடுக்கி என எது வசதியோ அதைப் பயன்படுத்துங்கள். எடுத்ததும் தேய்த்துக் கழுவாதீர்கள். சில்லில் ஒட்டியிருக்கும் நூல், எலும்புத் துகள், மண், ரத்தம் எல்லாமே சாட்சிதான். நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக மென்தாளில் சுற்றி, தனித்தனிச் சிறு டப்பாவில் போடுங்கள். மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றோடொன்று உரசி, புதிய கீறல் விழும். அடையாளம் எழுத வேண்டியது டப்பாவின் மேல். சில்லிலேயே ஊசியால் எழுத்துக் கீறும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

காயத்திலிருந்து துணி, நார், காகிதத் துணுக்கு ஏதாவது வந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. ஏன் என்பதைப் படி 7-இல் சொல்கிறேன்.

படி 3: கைமாறும் கணக்கு

சம்பவ இடத்தில் கிடைப்பதை கிராம நிர்வாக அலுவலர் போன்ற சாட்சிகள் முன்னிலையில் மகசர் எழுதிக் கைப்பற்றுவது, படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு அனுப்புவது, நீதிமன்றத்தின் கடிதத்தோடு ஆய்வகத்துக்குப் போவது என்பது நம் ஊர் நடைமுறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில், முத்திரை எப்படி இருந்தது என்பதில் ஒரு நாள் விட்டுப்போனாலும் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு நாள்தான் முழு வழக்கு ஆகிவிடும்.

படி 4: காந்தம், தராசு, கண்

இப்போது சில்லுகள் ஆய்வக மேசைக்கு வந்துவிட்டன. பெரிய இயந்திரங்களுக்கு ஓடாதீர்கள். முதலில் போட்டோ, அளவுகோலோடு. அப்புறம் ஒரு சிறிய காந்தம்.

ஒட்டினால் இரும்பு. மலைப்பக்கத்து நாட்டுத்துப்பாக்கிகளில் ஈயத்தோடு பால்ரஸ் குண்டும் இரும்புத் துண்டும் போவது உண்டு. சைக்கிள் பின்சக்கரத்தில் போடும் கால் அங்குல பால்ரஸின் விட்டம் 6.35 மி.மீ., எடை ஏறக்குறைய 1.05 கிராம். அதே விட்டத்தில் ஈய உருண்டை என்றால் 1.5 கிராம் வரும். 12 போர் தோட்டாவில் வரும் எஸ்.ஜி. என்ற பெரிய அளவு ஈயப் பெல்லட் ஒன்று சுமார் 8.4 மி.மீ., 3.5 கிராம். 303 ரைஃபிளின் குண்டு முழுதாக இருந்தால் 11.3 கிராம். சில்லு முழுக் குண்டு அல்ல என்பதால் எடை மேல்வரம்பைப் பற்றி மட்டுமே பேசும். 5 கிராம் எடையுள்ள ஒரு ஈயச் சில்லு எஸ்.ஜி. பெல்லட்டின் துண்டாக இருக்கவே முடியாது. எளிய கணக்குதான், ஆனாலும் ஒரு கதையை விழவைக்க அது போதும்.

சில்லு உருக்குலைந்திருந்தால் அடர்த்தியை அளக்கலாம். காற்றில் ஒரு எடை, தண்ணீரில் ஒரு எடை எடுத்தால் போதும். ஈயம் 11.3, செம்பு 8.9, எஃகு 7.8. சில்லு இதனால் கெடாது.

வெறும் கண்ணுக்குத் தெரியும் பழமையையும் கவனியுங்கள். வேலூர்க் கோட்டையைச் சுற்றி மண் தோண்டும்போது ஓர் ஈயக்குண்டு கிடைத்தால் அது 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நாளின் குண்டாகவும் இருக்கலாம், வேறு நாளுடையதாகவும் இருக்கலாம். அக்கால பிரிட்டிஷ் மஸ்கெட்டின் குண்டு சுமார் 17.5 மி.மீ. விட்டமும் 32 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான எடையும் கொண்டது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த ஈயத்தின் மேல் வெளுத்த தோல் படியும். புதிதாக வெட்டிய ஈயம் பளபளக்கும், சில நாளில் மங்கிச் சாம்பலாகும். இந்த வித்தியாசத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது.

படி 5: மேலுறை இருக்கிறதா?

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 10 மடங்கு, 20 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ராணுவ, காவல் ரைஃபிள் குண்டுகளில் ஈய உள்ளீட்டின் மேல் உலோக மேலுறை இருக்கும். செம்போடு துத்தநாகம் கலந்த செம்மஞ்சள் உறை, செம்போடு நிக்கல் கலந்த வெள்ளை உறை, செம்பு பூசிய எஃகு உறை என்று வகைகள் உண்டு. நகத்துணுக்கு அளவு மேலுறை கிடைத்தால் அது பொக்கிஷம். குழலின் தடம் பதிவது அதன்மேல்தான்.

மேலுறை கிடைக்கவில்லை என்பதற்காக ரைஃபிள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். உறை கழன்று உடலின் வேறிடத்திலோ, மரத்திலோ போயிருக்கலாம். எக்ஸ்ரேயில் தூவலும் இல்லை, மேலுறையும் இல்லை, சில்லில் வார்ப்புக் கோடும் இருக்கிறது என்று மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சுக்கு வலு வரும்.

சில்லின் தட்டையான முகத்தையும் விடாதீர்கள். ஈயம் எதில் மோதியதோ அதன் முத்திரையை வாங்கிக்கொள்ளும். லுங்கியின் நெசவு அப்படியே பதிந்திருக்கலாம். பாறையில் பட்டுத் தெறித்திருந்தால் ஒரு பக்கம் சப்பையாகி, கல்லின் கண்ணாடிப் பொடி போன்ற துகள்கள் அதில் பொதிந்திருக்கும். அமிர்தி, ஜவ்வாது மலைக்காடுகளில் எங்கும் பாறைதான். நேராகச் சுட்டதா, பாறையில் பட்டு வந்ததா என்பது கொலைக்கும் விபத்துக்கும் இடையிலான கேள்வி.

படி 6: குழலின் கையெழுத்து

ரைஃபிள், ரிவால்வர், பிஸ்டல் குழல்களுக்குள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பள்ளமும் மேடும் மாறிமாறிக் குண்டில் பதியும். 1889-இல் பிரான்சின் லியோன் நகரில் அலெக்சாந்தர் லக்காசாஞ் ஒரு குண்டில் ஏழு பள்ளத் தடங்களை எண்ணிச் சந்தேகத்துக்குரிய துப்பாக்கியோடு ஒப்பிட்டார். 1925-இல் ஃபிலிப் கிராவெல், கால்வின் கோடார்ட் குழுவினர் ஒப்பீட்டு நுண்ணோக்கியைக் குண்டு ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

முழுக் குண்டு என்றால் பள்ளங்களை எண்ணிவிடலாம். சில்லில் என்ன செய்வது? ஒரு மேடும் ஒரு பள்ளமும் முழு அகலத்தோடு தெரிந்தாலே போதும், கணக்குப் போடலாம். இரண்டின் அகலத்தையும் கூட்டி, பள்ளங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் குண்டின் சுற்றளவு கிடைக்கும். அதை 3.1416-ஆல் வகுத்தால் விட்டம். எண்ணிக்கை தெரியாதே என்றால் 4, 5, 6 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

மேலுறைச் சில்லில் மேடும் பள்ளமும் சேர்ந்து 4.95 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான்கு பள்ளம் என்றால் விட்டம் 6.30 மி.மீ. ஐந்து என்றால் 7.88. ஆறு என்றால் 9.45. 303 குண்டின் விட்டம் சுமார் 7.9 மி.மீ. பழைய என்ஃபீல்டு 303 ரைஃபிளின் குழலில் பெரும்பாலும் ஐந்து பள்ளங்கள், இடப்பக்கச் சுருள். ஆக, சுருள் எந்தப் பக்கம் என்று பார்த்தால் கணக்கு இறுகும்.

சுருளின் பக்கத்தைச் சொல்லக் குண்டின் மூக்கு எது, அடி எது என்று தெரிய வேண்டியதில்லை. சில்லைத் தலைகீழாகத் திருப்பினாலும் சாய்வின் பக்கம் மாறாது, ஒரு திருகாணியைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், புரியும். குண்டின் நீள அச்சு மட்டும் தெரிந்தால் போதும். குண்டைச் சுற்றி அழுத்திய வளைவரி ஒன்று சில்லில் தப்பியிருந்தால், அது அச்சுக்குச் செங்குத்து. அந்த வரியை வைத்தே அச்சைப் பிடித்துவிடலாம்.

இது வரைக்கும் கிடைப்பது துப்பாக்கியின் வகை மட்டுமே. 303-ஏ ஆயிரக்கணக்கில் இருக்கிறதே. குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்குப் போக, மேட்டுத் தடத்துக்குள் இருக்கும் நுண்கீறல்களைப் பார்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு, மாதிரிக் குண்டுகள் எடுப்போம். முதலில் மாதிரியை மாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஒரே குழல் ஒவ்வொரு முறையும் ஒரே கீறலைப் போடுகிறதா என்று தெரியாமல் சில்லோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பிறகு ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இடப்பக்கம் மாதிரி, வலப்பக்கம் சில்லு. ஆழமுள்ள கீறல்களில், அடுத்தடுத்துப் பொருந்தும் ஆறு கீறல்கள் ஒரே கொத்தாகவோ, மும்மூன்றாக இரண்டு கொத்தாகவோ ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது பலர் பின்பற்றும் அளவுகோல். ஆழமில்லாத மேலோட்டக் கீறல் என்றால் எட்டு, அல்லது ஐந்தைந்தாக இரண்டு கொத்து.

இந்தப் பொருத்தத்தையும் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, துப்பாக்கித் தட ஒப்பீட்டின் பிழை விகிதத்தை முறையாக அளந்த ஆய்வுகள் போதாது என்று வெளிப்படையாக எழுதியது. அதன்பின் ஆய்வுகள் கூடியுள்ளன, விவாதம் முடியவில்லை. சில்லு சிறிதாகச் சிறிதாக உங்கள் சொல்லும் சிறிதாக வேண்டும்.

படி 7: குழலில் சுருள் இல்லாவிட்டால்

நம் மாவட்டத்துக்கு உயிரான படி இதுதான். நாட்டுத்துப்பாக்கிக்கும் 12 போருக்கும் குழல் உள்ளே வழவழப்பு. சுருளும் கிடையாது, மேடு பள்ளமும் கிடையாது. அடுத்த முறை சுடுவதற்குள் துரு வேறு உள்பரப்பை மாற்றிவிடும். குழலோடு ஒப்பிடும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. ஆனால் வேறு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன.

முதலாவது, வார்ப்பு. உருக்கிய ஈயத்தை இரண்டு பாதி அச்சில் ஊற்றினால், பாதிகள் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். ஊற்றுவாயை வெட்டிய இடத்தில் ஒரு சிறு தழும்பு. அச்சில் ஒரு குழி இருந்தால் அதில் பிறந்த ஒவ்வொரு குண்டிலும் ஒரு மரு. 1835-இல் லண்டன் காவலர் ஹென்றி கோடார்ட் இப்படி ஒரு மருவை வைத்துத்தான், கொள்ளையர் சுட்டதாகச் சொன்ன பணியாளரின் சொந்த அச்சிலேயே அந்தக் குண்டு வார்க்கப்பட்டது என்று கண்டுபிடித்தார். வீட்டில் அச்சு கிடைத்தால், அதில் புதிதாக ஈயம் வார்த்து மாதிரி எடுத்துச் சில்லோடு ஒப்பிடுங்கள். தொழிற்சாலைப் பெல்லட்டிலும் மங்கலான கோடு இருக்கலாம், ஆனால் அவை ஒரே அளவு, ஒரே எடை. வீட்டு வார்ப்பில் ஒன்று போல ஒன்று இராது.

இரண்டாவது, வெட்டு முகம். ஈயக்கம்பியையோ மீன்வலை ஈயத்தையோ உளியால் துண்டுபோட்டுப் பயன்படுத்தியிருந்தால், வெட்டிய முகத்தில் உளி வாயின் நுண்கீறல்கள் நிற்கும். வீட்டிலிருந்து கைப்பற்றிய உளியால் வேறு ஈயத்தை வெட்டி ஒப்பிடலாம். துப்பாக்கிக் குழல் கொடுக்காத கையெழுத்தை உளி கொடுக்கும். ஆகவே துப்பாக்கியைக் கைப்பற்றப் போகும்போது உளி, கட்டர், அச்சு, மிச்ச ஈயம் எல்லாவற்றையும் மகசரில் சேருங்கள். பலர் துப்பாக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, தக்கை. குழலின் வாய்வழியாகக் கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் கரிமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே துணியோ தேங்காய் நாரோ காகிதமோ அடைப்பார்கள். கிட்டத்தில் சுட்டால் அது காயத்துக்குள்ளேயே போகும், இல்லையென்றால் சில அடி தள்ளி விழும். 12 போர் என்றால் பிளாஸ்டிக் தக்கையோ கம்பளித் தக்கையோ கிடைக்கும், அதன் விட்டமே துப்பாக்கியின் போர் அளவைச் சொல்லும். 1784-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஒரு கொலைக் காயத்திலிருந்து எடுத்த காகிதத் தக்கை, ஜான் டாம்ஸ் என்பவரின் சட்டைப்பையில் இருந்த கிழிந்த தாளோடு விளிம்புக்கு விளிம்பு பொருந்தியது. நம் ஊரில் அது தினசரி காலண்டர் தாளாக இருக்கலாம். ரத்தத்தில் ஊறிய அந்த உருண்டையை மெதுவாக ஈரப்படுத்தி விரித்தால் பாதித் தேதியும் ராகு காலமும் தெரியக்கூடும். மீதிப் பாதி யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது? இந்தக் கேள்வி எந்த வேதியியலையும்விட நேரானது.

படி 8: துணியும் மருந்தும்

காயம்பட்டவர் உடுத்தியிருந்த துணியை மடித்து நெகிழிப் பையில் போடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காயவைத்துக் காகிதப் பையில் போடுங்கள். துளையைச் சுற்றி முதலில் வெடிமருந்து எச்சத்துக்கு நைட்ரைட் சோதனை, அடுத்து செம்புக்கு டைதயோஆக்சமைடு, கடைசியாக ஈயத்துக்கு சோடியம் ரோடிசோனேட். வரிசையை மாற்றக் கூடாது. ரோடிசோனேட்டில் ஈயம் சிவந்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் நீலஊதாவாக மாறும். துளை விளிம்பில் செம்பு வந்தால் மேலுறைக் குண்டின் பக்கம் கை நீளும்.

துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பாலான தொழிற்சாலைத் தோட்டாக்களின் கேப்பிலிருந்து (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) வந்தவை ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒன்றாகக் கலந்த உருண்டைத் துகள்களாக இருக்கும். கரிமருந்து என்றால் கந்தகமும் பொட்டாசியமும் தூக்கலாகத் தெரியும்.

படி 9: ஈயத்தின் வேதியியல், அதன் எல்லை

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: "ஈயத்தை ஆராய்ந்தால் எந்தப் பெட்டித் தோட்டா என்று சொல்லிவிடலாமாமே?" முடியாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

1963-இல் கென்னடி கொலையில் கிடைத்த சில்லுகளில் தொடங்கி, பல ஆண்டுகள் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஈய ஒப்பீட்டைச் செய்துவந்தது. கடைசிக் காலத்தில் ஆன்டிமனி, ஆர்சனிக், செம்பு, பிஸ்மத், வெள்ளி, வெள்ளீயம், காட்மியம் என்று ஏழு தனிமங்களை அளந்து, இரண்டு ஈயங்களும் ஒத்துப்போனால் ஒரே பெட்டி என்ற அளவுக்கு நீதிமன்றங்களில் பேசினார்கள். 2004-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கை வந்தது. கருவிகளின் அளவீடு சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு என்றது. ஒரே மாதிரி ஈயத்தின் ஒரு வார்ப்பிலிருந்து 12,000 முதல் மூன்றரைக் கோடி வரை 0.22 அங்குலச் சிறு குண்டுகள் வரலாம். ஒரே பெட்டிக்குள் பல வார்ப்பு ஈயமும் இருக்கலாம். 2005 செப்டம்பர் 1 அன்று எஃப்.பி.ஐ. இந்தச் சோதனையையே நிறுத்திவிட்டது. அதற்குள் இதை ஒரு சாட்சியாக வைத்துச் சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள்.

அப்படியானால் வேதியியல் வீணா? இல்லை. இரண்டு ஈயங்கள் தெளிவாக வேறுபட்டால், அந்த வேறுபாடு உறுதியானது. தொடையில் எடுத்த சில்லில் ஆன்டிமனி தாராளமாக இருந்து, சந்தேகத்துக்குரியவர் வீட்டில் கிடைத்த மிச்ச ஈயத்தில் அது அறவே இல்லையென்றால், இந்தச் சில்லு அந்த ஈயக்கட்டியிலிருந்து வரவில்லை. பழைய பேட்டரித் தகட்டு ஈயத்தில் ஆன்டிமனி இருப்பது வழக்கம். ஈய ஐசோடோப்புகளின் (எடை மட்டும் மாறும் ஈய அணு வகைகளின்) 206, 207, 208 விகிதத்தையும் அளக்கலாம், தாதுவுக்குத் தாது அது மாறும். ஆனால் பழைய ஈயத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிக் கலக்கும் ஊரில் தாதுவின் முகவரி கரைந்துபோகும்.

எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் முதலில் பாருங்கள், அது சில்லைக் கெடுக்காது. அமிலத்தில் கரைக்கும் முறைகள் கடைசியில், அதுவும் நீதிமன்ற அனுமதியோடு, தடமில்லாத பக்கத்திலிருந்து சில மில்லிகிராம் மட்டும்.

படி 10: அறிக்கை எழுதும்போது

நம் உதாரணத்துக்கு வருவோம். பட்டாணி அளவுச் சில்லு ஈயம், 1.9 கிராம், ஓரத்தில் வார்ப்புக் கோடு, ஒரு பக்கம் லுங்கி நெசவு. உளுந்தளவில் ஒன்று காந்தத்தில் ஒட்டும் இரும்பு, மற்றது ஈயம். மேலுறை இல்லை, எக்ஸ்ரேயில் தூவல் இல்லை, துளை விளிம்பில் செம்பு இல்லை, கந்தகமும் பொட்டாசியமும் இருக்கின்றன. காயத்தில் கருகிய நார்.

இதை எப்படி எழுதுவது? "சில்லுகளும் எச்சங்களும் கரிமருந்தால் சுடப்படும் வழவழப்புக் குழல் துப்பாக்கியோடு ஒத்துப்போகின்றன. மேலுறைக் குண்டு சுடும் ரைஃபிள் என்பதற்கு ஆதாரம் காணப்படவில்லை. அனுப்பப்பட்ட துப்பாக்கியிலிருந்துதான் சுடப்பட்டது என்றோ, இல்லை என்றோ இச்சில்லுகளைக் கொண்டு கூற இயலாது." இவ்வளவுதான். மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி யாராவது போன் செய்வார்கள். எடுக்காதீர்கள்.

பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் நிபுணர் சொல்வது கருத்து, தீர்ப்பு அல்ல. குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் கேட்க வேண்டியவையும் இவைதான்: ஃபோர்செப்ஸ் எது, மாதிரிக் குண்டுகள் எத்தனை, ஒப்பீட்டுப் படங்கள் எங்கே, இரண்டாவது ஆய்வாளர் முதலாமவரின் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தாரா, எந்தத் துப்பாக்கிகளை விலக்கினீர்கள்?

ஆய்வு முடிந்ததும் மிச்சச் சில்லுகளை அதே தனித்தனி டப்பாக்களில், எடுத்த மில்லிகிராம் எவ்வளவு, எந்தப் பக்கத்திலிருந்து என்று படத்தோடு குறித்து, புது முத்திரை வைத்து நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். எதிர்த் தரப்பு நாளைக்கு வேறொரு நிபுணரைக் கூட்டிவந்தால், அவருக்கும் பார்க்க ஒரு பக்கம் மிச்சமிருக்க வேண்டும்.